உள்ளே இழுக்கிற சத்தம்: நியூயார்க்கில் ஆறு நாள்

முதல் நாள்: செப்டம்பர் 26, 2023, செவ்வாய்

ஜெர்சி சிட்டியில் அக்கா வீடு. நேற்று ராத்திரிதான் வந்து இறங்கினேன். உடம்பு இன்னும் சென்னை நேரத்தில் ஓடுகிறது, விடிகாலை ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனபோது பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம். பழைய ஃபேனின் இறக்கை கம்பியில் உரசுவது மாதிரி இருந்தது. நின்று கேட்டேன். உரசல் தாளத்தோடு வந்தது.

ப். ட்ஸ். க். ட்ஸ். பப். ட்ஸ். க். ட்ஸ்.

கதவைத் திறந்தால் அக்கா பையன். பதின்மூன்று வயது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பீட்பாக்ஸ் பழகுகிறான், அதாவது வாயாலேயே ட்ரம் சத்தம் எழுப்புகிற வித்தை. அம்மா எழுந்துவிடக் கூடாதென்று போர்வையாம்.

காபி ஆற்றும்போது அக்கா பொரிந்து தள்ளினாள். "மிருதங்க கிளாஸுக்கு மாசாமாசம் டாலரா கொட்டிக் கொடுக்கிறேன். இவன் என்னடான்னா வாயாலயே அடிச்சுக்கிட்டுத் திரியுறான். சாப்பிடும்போதும் அதேதான். தட்டெல்லாம் எச்சில்." நான் எதற்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. "நீயுமாடா?"

ஹிப் ஹாப்புக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. ஊரெங்கும் அதைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ராப் பாட்டைவிட அதற்குப் பின்னால் வாயாலேயே தாளம் போடுகிறவன் மேல்தான் எப்போதும் கண். காரணம் தொழில். டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கிறேன். மைக் முன்னால் நிற்பவர் "போடா பாவி" என்று கோபத்தில் கத்தினால், 'ப'வோடு கிளம்புகிற காற்று மைக்கில் மோதி 'டும்' என்று விழும். அதைத் தடுக்கத்தான் மைக்குக்கு எதிரே அந்த வட்ட வலை, பாப் ஃபில்டர். பதினைந்து வருஷமாக நான் துரத்தியடிக்கிற அந்த 'டும்'மையே ட்ரம் என்று சொல்லி ஒரு கூட்டம் மேடை ஏறுகிறதென்றால், போய்ப் பார்க்க வேண்டாமா?

பையனிடம் யார் யாரைக் கேட்பாய் என்றேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான். பிரான்ஸின் ஆலெம், இங்கிலாந்தின் டி-லோ, கொரியாவின் ஹிஸ். அடுத்த மாதம் டோக்கியோவில் கிராண்ட் பீட்பாக்ஸ் பேட்டில் என்ற போட்டி நடக்கப் போகிறதாம், ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்க்க அம்மாவிடம் நான்தான் சிபாரிசு செய்ய வேண்டுமாம்.

"டக் ஈ. ஃப்ரெஷ் தெரியுமா?"

"யாரு மாமா அது?"

ஹார்லெமில் வளர்ந்த முன்னோடி பீட்பாக்ஸ்காரர் அவர். இவன் வீட்டிலிருந்து ஹார்லெம் ஒரு மணி நேரத் தூரம்.

இரண்டாம் நாள்: செப்டம்பர் 27, புதன்

பாத் ரயிலில் ஆற்றைக் கடந்து வேர்ல்ட் டிரேட் சென்டர். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஃபுல்டன் ஸ்ட்ரீட் நிலையம், பிறகு 4-ஆம் எண் ரயில். சப்வே கட்டணத்தைப் போன மாதம்தான் 2.90 டாலராக ஏற்றினார்களாம், வண்டியில் ஏறுகிறவரெல்லாம் அதைப் பற்றியே முணுமுணுக்கிறார்கள். மன்ஹாட்டன் முழுக்கப் பூமிக்கு அடியில் ஓடிய ரயில், பிராங்க்ஸ் வந்ததும் தூண்கள் மேல் ஏறிவிடுகிறது. ஜன்னல் வழியே மாடி வீட்டுச் சமையலறைகள் தெரிகின்றன. ஜெரோம் அவென்யூவில் இறங்கி மேற்கே நடந்தேன். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு இருபது நிமிஷ நடை நாற்பதானது. மேடு ஏறி, பிறகு ஆற்றை நோக்கிச் சரிவு.

1520, செட்ஜ்விக் அவென்யூ. உயரமான செங்கல் நிற அடுக்குமாடி. நம் ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு ஐந்தாறு மாடி கூட்டினால் எப்படியோ அப்படி. பக்கத்திலேயே நெடுஞ்சாலை, லாரிகளின் இரைச்சல் ஒரு நொடி ஓயவில்லை. 2016-இல் இந்தத் தெருவுக்கு 'ஹிப் ஹாப் புலவார்டு' என்று இன்னொரு பெயரும் சூட்டினார்கள். பலகையைப் போட்டோ எடுக்க என்னோடு இரண்டு ஜெர்மானியர்கள் நின்றார்கள். குடியிருக்கிற ஒரு அம்மா மளிகைப் பையோடு எங்களைத் தாண்டிப் போனார். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1973 ஆகஸ்ட் 11 அன்று இங்கே கீழ்த்தளப் பொது அறையில் ஒரு பார்ட்டி. சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் என்று அழைப்பு அட்டையில் கையாலேயே எழுதினார்கள். ரெக்கார்டு போட்டது அவளுடைய அண்ணன் கிளைவ், ஜமைக்காவிலிருந்து வந்த பையன். ஊர் அறிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து ட்ரம் மட்டும் தனியாக அடிக்கிற சில விநாடிகளில்தான் கூட்டம் பித்துப் பிடித்து ஆடுகிறது என்று ஹெர்க் கவனித்தார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று முடியும்போது இன்னொன்றை ஓட்டி, அந்தச் சில விநாடிகளை நிமிஷங்களாக நீட்டினார். பிரேக் என்றால் அதுதான். மற்றதெல்லாம் அதன் மேல் கட்டிய மாடி.

அன்றைக்கு இந்த அறையில் பீட்பாக்ஸ் கிடையாது. அது வர இன்னும் பல வருஷம் ஆனது. ஆனால் அது ஏன் வந்தது என்பதற்கு இந்த இடமே பதில் என்று தோன்றுகிறது. ஹெர்க்கிடம் பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. பூங்காவில் ஆடியவர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்தார்கள். கம்பமும் இல்லை, ரெக்கார்டு ஓட்டுகிற டர்ன்டேபிளும் இல்லை, ராப் பாட மட்டும் வாய் துறுதுறுக்கிறது என்றால் ஒரு பையன் என்ன செய்வான்? பக்கத்தில் நிற்கிறவனைத் தாளம் போடச் சொல்வான்.

'பீட்பாக்ஸ்' என்ற சொல்லே முதலில் மனிதனைக் குறிக்கவில்லை. அது இயந்திரத்தின் பெயர். டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஒரு தாளப் பெட்டியை மேடையில் வைத்து விரலால் தட்டிக் காட்டியபோது அதைத்தான் பீட்பாக்ஸ் என்றார். 1980-இல் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 என்ற ட்ரம் மெஷினைக் கொண்டுவந்தது. விலை 1,195 டாலர். 1981-இல் அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பையன் வேறு செலவே செய்யாமல் ஒன்பது வாரம் முழுநேரம் உழைத்தால் ஒரு 808 வாங்கலாம். அது முடியாதவன் அதன் சத்தத்தை வாயில் ஏற்றிக்கொண்டான். ஊர் அவனை 'ஹியூமன் பீட்பாக்ஸ்' என்றது, அதாவது மனிதப் பெட்டி.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், போகப்போக அந்த 'ஹியூமன்' உதிர்ந்துவிட்டது. இன்று பீட்பாக்ஸ் என்றால் வாய்தான். பெட்டிக்குத்தான் வேறு பெயர் தேட வேண்டியதாகிவிட்டது.

மூன்றாம் நாள்: செப்டம்பர் 28, வியாழன்

ஹார்லெம், 125-ஆவது தெரு. நடைபாதையில் ஷியா வெண்ணெய், ஊதுபத்தி, தொப்பி எல்லாம் விற்கிறார்கள். ரங்கநாதன் தெருவின் ஒரு கால் பங்கு கூட்டம். அப்போலோ தியேட்டரின் செங்குத்துப் பெயர்ப்பலகை தூரத்திலேயே தெரிந்தது. மேடையில் ஒரு மரக்கட்டைத் துண்டு இருக்கிறது, 'நம்பிக்கை மரம்' என்று பெயர். புதன்கிழமை அமெச்சூர் நைட்டில் பாட வருகிறவர்கள் அதைத் தொட்டுத் தடவிவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பார்கள். பிடிக்காவிட்டால் கூட்டம் ஊளையிட்டே இறக்கிவிடும். ஈவு இரக்கம் கிடையாது.

எதிர்ப்புறம் ஒரு சுவரில் சாய்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'லா டி டா டி'யைப் போட்டேன். 1985-இல் வந்த பாட்டு. 'தி ஷோ' என்ற பாட்டு வந்த ரெக்கார்டின் மறுபக்கத்தை நிரப்ப வைத்தது. பார்படோஸில் பிறந்து இந்த ஹார்லெமில் வளர்ந்த டக் ஈ. ஃப்ரெஷ் வாயால் தாளம் போட, லண்டனிலிருந்து குடிவந்த ஸ்லிக் ரிக் கதை சொல்கிறார். கருவி ஒன்றுமே இல்லை, இரண்டு தொண்டை மட்டும். இதிலிருந்து ஒரு சொல்லையோ ஒரு துணுக்கையோ வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

தொழில் காதோடு கேட்டேன். டக் ஈ. ஃப்ரெஷ் இடத்தை நிரப்புகிற ஆள் இல்லை. ரிக் பேச வழிவிட்டு அடிக்கிறார். கிக், அதாவது ட்ரம்மின் அந்த 'டும்', கனமில்லை, உலர்ந்த சின்ன அடி. ஆனால் இடையிடையே நாக்கை மேலண்ணத்திலிருந்து சொடுக்கி எடுக்கிற 'டொக்' ஒன்று வருகிறது. காலி மண்பானையை விரல் முட்டியால் தட்டினால் வருமே, அதே நாதம். வாயின் உள்ளறையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அந்த 'டொக்'கின் சுருதியை மாற்றுகிறார். 808-இல் அந்தச் சத்தம் இல்லை. இயந்திரத்தைப் போலிசெய்யத் தொடங்கியவன், சில வருஷத்திலேயே அதனிடம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

இதே காலத்தில் புரூக்ளினில் ஒருவர். ஃபேட் பாய்ஸ் குழுவின் டேரன் ராபின்சன், பஃபி என்பார்கள். 1983-இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த போட்டியில் ஜெயித்து வந்த மூன்று குண்டுப் பையன்கள். பஃபியின் பாணி மூச்சு. மூச்சை மறைக்கவே மாட்டார். 'ஹ-ஹா, ஹ-ஹா' என்று இழுத்து விடுவதையே தாளத்தின் நடுவில் வைத்துவிடுவார். நான் டப்பிங்கில் எல்லா மூச்சையும் வெட்டி எறிகிறவன். பஃபியின் மூச்சை வெட்டினால் பாட்டே மிஞ்சாது. உலகம் அவரை உடம்புக்காகச் சிரித்தது, குழுவும் அதையே வியாபாரமாக்கியது. 1995-இல், 28 வயதில் இறந்துபோனார். இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆள் பிஸ் மார்க்கி, ஹார்லெமில் பிறந்தவர். வாயாலேயே இசை செய் என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்வது மாதிரி 1986-இல் ஒரு பாட்டு. இவர் கதையில் ஒரு விசித்திரம். வாயை மட்டும் நம்பியிருந்த வரைக்கும் யாருக்கும் பாக்கி இல்லை. பிறகு அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு துணுக்கை அனுமதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்தப்போய், 1991-இல் நீதிமன்றம் வரை இழுத்தார்கள். 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதன் பிறகு அமெரிக்காவில் சாம்பிள் எடுக்கிற எவரும் முதலில் வக்கீலைப் பார்த்தாக வேண்டும் என்றாகிவிட்டது. பிஸ் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு 'எல்லாத் துணுக்குக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார். நையாண்டி தெரிந்த மனிதர். 2021-இல் காலமானார்.

வாய்க்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் வாயை ஓரமாகத்தான் உட்கார வைத்தார்கள். துணுக்கு வெட்டி ஒட்டுகிற சாம்பிளர் கருவிகள் வந்தன, மெஷின் விலை இறங்கியது. ஒன்பது வாரக் கூலி தேவைப்படாதபோது நண்பன் எதற்கு?

வீட்டுக்கு வந்து பையனிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மரியாதைக்கு முழுசாகக் கேட்டான். "நல்லாருக்கு மாமா. ஆனா ரொம்ப சிம்பிள்."

நான்காம் நாள்: செப்டம்பர் 29, வெள்ளி

இன்று எங்கும் போகவில்லை. போகவும் முடியாது.

காலையில் பெய்யத் தொடங்கிய மழை சென்னை டிசம்பரை நினைவுபடுத்தியது. டிவியில் புரூக்ளின் தெருக்களில் கார்கள் மிதக்கின்றன. சப்வேயில் பாதி வழித்தடங்கள் முடங்கிவிட்டன, படிக்கட்டு வழியே நிலையத்துக்குள் தண்ணீர் அருவியாக இறங்குகிறது. ஜேஎஃப்கே விமான நிலையத்தில் 8 அங்குலத்துக்கு மேல் மழை. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் அவசரநிலை. சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில் குளம் நிரம்பி வழிந்து, ஒரு கடல்சிங்கம் கரையைத் தாண்டி நீந்தி வெளியே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போய்விட்டதாம். அன்றைய செய்தியில் புத்தியுள்ள ஜீவன் அது ஒன்றுதான்.

மதியம் பையன் நனைந்துகொண்டே பள்ளியிலிருந்து வந்தான். அக்கா வெங்காய பஜ்ஜி போட்டாள். அப்புறம் எனக்குப் பாடம் ஆரம்பமானது.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: 'பூட்ஸ் அண்ட் கேட்ஸ்' என்று வேகமாகச் சொல். பிறகு உயிரெழுத்தையெல்லாம் உருவி எறி. மிச்சம் இருப்பதுதான் ப், ட்ஸ், க், ட்ஸ். நான்காவது தடவையே வந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. பையன் தலையை ஆட்டினான்.

"மாமா, நீங்க எழுத்தைச் சொல்றீங்க. சத்தம் பண்ணணும்."

கிக் எப்படி என்று காட்டினான். உதடுகளை இறுக்க மூடு. இருமலை அடக்குகிற மாதிரி தொண்டையையும் அடை. இரண்டு கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்தக் கொஞ்சூண்டு காற்றை உதட்டால் வெடித்து விடு. நெஞ்சிலிருந்து காற்று வரவே கூடாது. அவன் உதட்டின் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். என் 'ப' உள்ளங்கை முழுக்க ஊதியது. அவனுடையது விதை வெடித்துத் தெறித்ததுபோல் ஒரே புள்ளியில் பட்டது. இத்தனை வருஷம் பாப் ஃபில்டர் மாட்டியவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

இடையில் அக்கா, "கொன்னக்கோலும் இதுவும் ஒண்ணுதானே, அதையாவது ஒழுங்கா கத்துக்கக் கூடாதா?" என்றாள். நம்மவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஒன்றில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். தகதிமி என்பது சொல். மிருதங்கத்தில் எந்த விரல் எங்கே விழ வேண்டும் என்பதற்கு வாய் வைத்த பெயர், கணக்கு. அதைக் கேட்டு யாரும் மிருதங்கம் என்று ஏமாற மாட்டார்கள். பீட்பாக்ஸ் ஏமாற்றப் பார்க்கிறது. சொல்லே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. பையன் இரண்டிலும் இருக்கிறவன், அவன் சொன்னது இன்னும் சுருக்கம்: "அது பேசறது. இது நடிக்கிறது."

அடுத்தது உள்ளிழுக்கும் 'க்'. ஸ்னேர் ட்ரம்மின் அந்த அறை மாதிரி விழுகிற சத்தம். பீட்பாக்ஸ்காரர்கள் மூச்சு வாங்காமல் எப்படி நிமிஷக்கணக்கில் அடிக்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. காற்றை வெளியே விட்டு அடிக்காமல், நாக்கை மேலே ஒட்டிவைத்து, பக்கவாட்டில் சடக்கென்று உள்ளே இழுத்து அடிக்கிறார்கள். அடி விழும்போதே மூச்சும் வாங்கியாயிற்று. கென்னி முகமது என்ற நியூயார்க் கலைஞர் பெயரைத்தான் இதற்கு முதலில் சொல்வார்கள்.

இருபது நிமிஷம் முயன்றேன். இருமினேன். ஒருமுறை பஜ்ஜித் துணுக்கு மேலேறிவிட்டது. திடீரென்று கன்னத்தின் ஓரத்தில் 'க்ளக்' என்று ஒன்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் அப்பா வண்டி ஓட்டும்போது மாட்டை விரசாக நடக்கச் சொல்ல எழுப்புகிற சத்தம். சாட்டையை எடுக்க மாட்டார், கன்னத்துக்குள் நாக்கை இழுத்து இரண்டு 'க்ளக்', அவ்வளவுதான். காளைகள் காதை ஆட்டும்.

"வந்துடுச்சுடா!"

"இல்ல மாமா." பையன் விடவில்லை. "இது வாயோட நின்னுடுது. காத்து நெஞ்சு வரைக்கும் போகணும். இது வேற."

சரிதான். உச்சுக் கொட்டும்போதும் மாட்டை விரட்டும்போதும் வாய்க்குள் இருக்கிற காற்றே போதும், மூக்கு தன்பாட்டுக்குச் சுவாசித்துக்கொண்டிருக்கும். உள்ளிழுக்கும் 'க்' நுரையீரலைக் கேட்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பீட்பாக்ஸ் கலைஞரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து அடிக்கச் சொல்லி, நாக்கும் தொண்டையும் அசைவதைப் படமெடுத்து 2013-இல் வெளியிட்டார்கள். அவர் தெரியாமலே போட்ட சத்தங்கள் பல, ஆப்பிரிக்க மொழிகளிலும் வேறு மொழிகளிலும் மெய்யெழுத்தாகவே புழங்குகிறவை. கற்காத மொழிகளின் எழுத்துகளை அவர் வாய் தானாகவே தேடிப் பிடித்திருக்கிறது. தாத்தாவின் மாட்டுச் சத்தத்தை உலகில் எந்தக் குழந்தையோ தன் தாய்மொழியின் எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பையனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு பஜ்ஜி எடுத்துக்கொண்டான்.

ராத்திரி இருவரும் ராசெல் என்ற பீட்பாக்ஸ் கலைஞரைக் கேட்டோம். 1999-இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே பிஸ் மார்க்கியின் பழைய பாட்டுக்கு ஒரு கும்பிடு. பிலடெல்ஃபியாவின் 'தி ரூட்ஸ்' குழுவில் இருந்தவர். அது மெஷினே வேண்டாம் என்று நிஜ ட்ரம், நிஜ பேஸ் வாசிக்கிற குழு. பத்து வருஷம் ஓரமாக உட்கார்ந்திருந்த வாயை மறுபடி மேடைக்குக் கூட்டி வந்தது மெஷின் வைத்திருந்தவர்கள் இல்லை, இவர்கள்தான். ஒரு பாட்டில் தாளமும் அடித்துக்கொண்டு பாடவும் செய்கிறார், ஒரே வாயில். மெதுவாக ஓட்டிக் கேட்டால் பிடிபடுகிறது: சொல்லின் மெய்யெழுத்து விழுகிற இடத்தில்தான் அடியும் விழுகிறது, காது இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பையன் இதை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தான். இவர் 'ஓல்டு ஸ்கூல்' இல்லையாம்.

ஐந்தாம் நாள்: செப்டம்பர் 30, சனி

சப்வே ஓரளவு ஓடத் தொடங்கிவிட்டது. பையனையும் கூட்டிக்கொண்டு யூனியன் ஸ்கொயர்.

நிலையத்துக்குள், வழிகள் பிரிகிற இடத்தில், ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தரையில் பெட்டி மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர், கையில் மைக். மைக்கின் தலையை விரல்களால் முழுக்கப் பொத்திப் பிடித்திருந்தார். என் ஸ்டுடியோவில் யாராவது அப்படிப் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவேன். இவருக்கோ அப்படிப் பொத்துவதுதான் பேஸ். கைக்குள் அடைபட்ட காற்று மைக்கை முட்டி, நடைமேடைத் தரையே அதிர்ந்தது. ரயில் வரும்போது நிறுத்தவில்லை, பிரேக்கின் கிறீச்சலைத் தொண்டையில் பிடித்து அதே சுருதியில் நீட்டி, ரயில் நின்றதும் கிக்கில் இறக்கினார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். மிச்சப் பேர் இடத்தைக் காலி செய்யச் சொல்கிற முகத்தோடு கடந்து போனார்கள்.

இடைவேளையில் பேசினேன். இந்தியா என்றதும், "உங்கள் ஆட்கள் வந்து நின்றால் என்னைவிட என் தாளத்தைக் கவனிக்கிறார்கள், எங்கே தப்பு விடுவேன் என்று எண்ணுகிறார்கள்" என்று சிரித்தார். ராப் பாடுகிறவர்களோடு மேடை ஏறுவீர்களா என்றேன். "கூப்பிடுவார்கள். ஒரு நிமிஷம் கொடுப்பார்கள். கூட்டம் கத்தும். அப்புறம் லேப்டாப்பைப் போடுவார்கள்." வருத்தமாகச் சொல்லவில்லை, கடை நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாராம், வாடகை அதில்தான் வருகிறதாம். இந்த ஊரில் அது ஒரு நிஜமான வழி. பிராங்க்ஸில் லவெல் பார்வையற்றோர் பள்ளியில் பீட்பாக்ஸ் வகுப்புகள் நடந்திருக்கின்றன. உதட்டையும் நாக்கையும் துல்லியமாக அசைக்கிற பயிற்சி பேச்சையும் தெளிவாக்குகிறது என்பது அவர்கள் கண்ட பலன்.

பையனைப் பார்த்து மைக்கை நீட்டினார். எனக்குத்தான் கை வியர்த்தது. பையன் எட்டு மாத்திரை அடித்தான், ஆறாவதில் தடுமாறினான், பிடித்துக்கொண்டான். அவர் அவனுக்குப் பதில் அடித்தார், வேண்டுமென்றே எளிமையாக. ஆளுக்கு ஆள் மாறி மாறிப் போயிற்று. வட்டமாக நின்று இப்படிச் செய்வதை சைஃபர் என்பார்கள். நாங்கள் மூன்று பேர்தான், வட்டம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம்.

ஆறாம் நாள்: அக்டோபர் 1, ஞாயிறு

புரூக்ளின் மத்திய நூலகத்தின் முகப்பு முழுவதும் ராப் பாடகர் ஜே-ஸீயின் பாட்டு வரிகள். உள்ளே அவர் வாழ்க்கை பற்றிய பெரிய கண்காட்சி. நகரம் தன் பிள்ளையைக் கொண்டாடுகிறது, தப்பில்லை. பிரமாண்டமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரத்தில் கால் வலித்து வெளியே வந்துவிட்டோம்.

ஹிப் ஹாப்புக்கு நாலு தூண் என்பது வழக்கமான கணக்கு: டிஜே, ராப் பாடுகிற எம்சி, பிரேக்கிங் ஆட்டம், சுவர் ஓவியம். ஐந்தாவது தூண் 'அறிவு' என்பார்கள் ஒரு சாரார், பீட்பாக்ஸ் என்பார்கள் இன்னொரு சாரார். ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் ஒன்பது வரை எண்ணி அதில் பீட்பாக்ஸுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து இலை போட்டுப் பரிமாறிய சித்தப்பா மாதிரிதான் இதன் நிலைமை. வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், ஆல்பத்தில் தேடினால் ஒரு ஓரத்தில் பாதி முகம் இருக்கும். 2015-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஜெயித்த கைலா முல்லடி இந்தப் பக்கத்துப் பெண்தான், லாங் ஐலண்ட். நூலக வாசலில் நின்ற ஆறேழு ராப் ரசிகர்களிடம் பையன் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கு ஒரே கோபம். ஐந்து நாள் முன்னால் டக் ஈ. ஃப்ரெஷ் யாரென்று என்னைக் கேட்டவன்.

ராத்திரி ஒன்பதுக்கு ஊருக்கு வாட்ஸாப் கால். அங்கே திங்கள் காலை ஆறரை. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் சேவல். பையன் ஆசையாக அடித்துக் காட்டினான். அம்மா முடியும்வரை கேட்டுவிட்டு அக்காவிடம், "பிள்ளைக்கு நெஞ்சுச்சளியா? கற்பூரவல்லி கிடைக்காதா அங்கே?" என்றாள்.

நான் அப்பாவின் மாட்டுச் சத்தத்தைக் கேட்டேன். அது எப்படிம்மா வரும், எனக்குச் சரியாக வரவில்லை.

"பல்லு போன வாயில அதெல்லாம் எங்கய்யா வரும்" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கன்னத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு தடவை. உருண்டு, ஈரமாக, வெண்கலப் பானையைத் தட்டினதுபோல் வந்தது. பல் இல்லாத வாய்க்கு உள்ளறை பெரிசு.

படம் உறைந்து லைன் போய்விட்டது. பையன் திரும்பக் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, எப்போது ரெக்கார்டு செய்தானோ, அந்த இரண்டு விநாடியை ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாறு தடவைக்குப் பிறகு தலையைத் தூக்கினான்.

"மாமா, அந்த ஹார்லெம் பாட்டு. அதைப் போடுங்க."